ஒன்பதாவது வரி

கனல் நிலையத்துக்கு வருகிறவர்கள் கையில் நாங்கள் ஒரு துண்டுத்தாள் கொடுப்போம். அதில் ஒன்பது வரிகள் இருக்கும். ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு வர வேண்டும், சாப்பிட்டால் படம் மங்கும். நகைகளைக் கழற்ற வேண்டும், உலோகம் படத்தைக் கெடுக்கும். இப்படி எட்டு வரிகளுக்குக் காரணம் போட்டிருப்பார்கள். ஒன்பதாவது வரி மட்டும், ‘ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் பேசக் கூடாது’ என்பதோடு நின்றுவிடும். ஏன் கூடாது என்று எழுதத் தாளில் இடம் இருந்தது, எழுதியவனுக்கு மனசில்லை. காரணம் சொல்லாத விதியை நம் ஊரில் யார் மதித்திருக்கிறார்கள்? பேசாதே என்றால், பக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யாதே என்றுதான் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள்.

என் பெயர் இசக்கியப்பன். தூத்துக்குடி நிலையத்தில் பதினாலு வருஷம் ஊசி போட்டவன். ஊசி என்றால் சர்க்கரை ஊசிதான், கொஞ்சம் கதிர் கலந்த சர்க்கரை. புற்றுக்கட்டிக்குச் சர்க்கரை மேல் அடங்காத பசி. உடம்பில் எந்த இடம் அதை அள்ளித் தின்கிறதோ அந்த இடம் படத்தில் ஒளிரும். இதெல்லாம் பழைய சங்கதி. கனல் என்ற இந்த எந்திரம் கொண்டுவந்த புதுசு என்னவென்றால், அது பார்ப்பதோடு நிற்காது. ஒளிர்வது புற்றுதான் என்று தொண்ணூற்றேழு சதவீதத்துக்கு மேல் அதற்கு நிச்சயமானால், படுத்த படுக்கையிலேயே அந்த இடத்தை எரித்துவிடும். சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்புவது, முடிவுக்காகப் பத்து நாள் சோறு இறங்காமல் கிடப்பது, எல்லாம் ஒழிந்து பதினோரு வருஷம் ஆகிறது. உள்ளே போகும்போது நோயாளி, வெளியே வரும்போது சொஸ்தம். சனங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

மிக்கேலம்மாள் அக்கா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூறுகிறவர், ஐம்பத்து மூன்று வயது. அந்த ஏலக்கூடத்துக்குள் ஒரு தடவை போனவர்களுக்கு அவர் குரல் மறக்காது. இனிமையான குரல் என்று சொல்ல முடியாது. உடைந்த, கரகரத்த குரல். ஆனால் இருநூறு பேர் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போகும். ஐம்பது வயது தாண்டியவர்கள் எல்லாரும் ஒரு தடவை கனலில் படுக்க வேண்டும் என்று ஊரெல்லாம் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. மகள் ஜெனிபாதான் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"நோக்காடு ஒண்ணுமே கெடையாது தம்பி. இவதான் ஒத்தக் கால்ல நிக்கா," என்றார் அக்கா.

"அம்மா குரல் நாளுக்கு நாள் கம்முது அண்ணாச்சி. எனக்குப் பயமா இருக்குலா," என்றாள் ஜெனிபா.

"கம்மாம என்ன செய்யும், நெதம் மூணு மணி நேரம் தொண்ட கிழியக் கத்துதேன். தடைக்காலம் முடிஞ்சு மீன் குவியுத ஆனி மாசத்துக்கு இது இப்படித்தான்."

நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கிறதா என்றதும், கழுத்தில் கிடந்த ஜெபமாலையை ஒதுக்கி ஒரு பழைய தழும்பைக் காட்டினார்.

"இருவது வருசத்துக்கு முன்ன கழல எடுத்தாங்க. அதுக்கப்புறந்தான் இந்தக் கொரல். அதுக்கு முன்ன நான் கோயில் பாடல்குழுவுல இருந்தேன், நம்புவீங்களா?"

என் திரையில் இருந்த கேள்வி, ‘புற்றுக்கான அறுவை நடந்ததுண்டா?’ என்பது. உண்டு, இல்லை என்று இரண்டே கட்டங்கள். கழலையை எழுத இடம் இல்லை. இல்லை என்பதைத் தட்டினேன். துண்டுத்தாளைப் படித்துக் காட்டிவிட்டு ஊசியைப் போட்டு ஓய்வறையில் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தேன்.

ஓய்வறைக்கும் நாங்கள் நிற்கும் கூடத்துக்கும் நடுவே தடித்த ஈயக் கண்ணாடி. ஊசி போட்டுக்கொண்டவர்கள் உடம்பிலிருந்து அந்த ஒரு மணி நேரம் கதிர் வீசும் என்பதால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். மணி முடிந்ததும் எதிர்ப்பக்கக் கதவு திறந்து, நேரே கனலுக்குப் போய்விட வேண்டியதுதான். பத்து நிமிஷம் கழித்துக் கண்ணாடி வழியே பார்த்தேன். அக்காவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. விரல்கள் மணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளின.

மைக்கைத் தட்டினேன். "அக்கா, பேசக் கூடாதுன்னு சொன்னேன்லா."

கண்ணைத் திறந்து சிரித்தார். "நான் எங்க பேசுதேன்? மாதாகிட்ட செபம்லா சொல்லுதேன்."

அவருக்கு அது பேச்சு இல்லை. எனக்கும் அந்த நேரத்தில் பேச்சாகத் தோன்றவில்லை, அதைத்தான் நான் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பயிற்சியில் எனக்குக் காரணம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பதினாலு வருஷத்தில் காரணம் மறந்து விதி மட்டும் மிஞ்சியிருந்தது. சாமி கும்பிடுகிற மனுஷியைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை. மனசுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று மைக்கை அணைத்தேன். ஒரு மணி நேரத்தில் அவர் மூன்று ஜெபமாலை முடித்தார்.

கனல் அவரைப் பதினோரு நிமிஷம் வைத்திருந்தது. வெளியே வந்தபோது திரையில் எழுத்து ஓடியது: வலது குரல்நாண், தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு சதவீதம், முழுமையாக அகற்றப்பட்டது. ஜெனிபா அழுதுகொண்டே அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "பாத்தியாம்மா, நான் சொல்லலைன்னா என்னாயிருக்கும்?" என்றாள். அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தார். காற்று வந்தது. இன்னொரு தடவை முயன்றார். அப்போதும் காற்றுதான். நாள் போகப் போகச் சரியாகும் என்று நான் சொன்னேன், அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன். வலப்பக்கம் மட்டும் பளீரென்று ஒரு கீற்று, இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. பயிற்சியில் கேட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நேரே டாக்டர் கோமதிநாயகத்திடம் போனேன். நிலையத்தின் பொறுப்பாளர், என்னை விடப் பத்து வயது பெரியவர். கெட்ட மனுஷர் இல்லை. களைத்துப்போன மனுஷர்.

"டாக்டர், அந்தம்மா ஒரு மணி நேரமும் செபம் சொல்லிட்டே இருந்தாங்க."

"சத்தமாவா?"

"முணுமுணுன்னுதான்."

"முணுமுணுத்தாலும் தசை வேலை செய்யும். வேலை செய்யுற தசை சர்க்கரை தின்னும். ஆனா அது ரெண்டு பக்கமும் சமமாத்தான் ஒளிரும் இசக்கி. அத கனல் கண்டுக்காது. இது ஒரு பக்கம்லா?"

"இருவது வருசத்துக்கு முன்ன கழல எடுத்திருக்காங்க. குரல் அப்பத்தான் உடைஞ்சுதாம்."

டாக்டர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அந்த ஆபரேஷன்ல குரல் நரம்பு வெட்டுப்பட்டிருக்கும்," என்றார். "இடது நாண் அன்னைக்கே செத்திருக்கும். வலதுதான் ரெண்டு நாண் வேலையையும் பாத்திருக்கு. இருவது வருசம். அதுவும் ஏலக்கூடத்துல."

"அப்போ நாம எரிச்சது?"

"எரிச்ச எடத்துல என்ன இருந்துச்சுன்னு இனிமே யாருக்கும் தெரியாது."

"பழைய மாதிரி ஒரு கிள்ளு எடுத்துப் பாத்திருந்தா?"

"தெரிஞ்சிருக்கும். அதத்தான் நிறுத்தியாச்சே."

"கனல் நூத்துல ஒண்ணு கூடத் தப்புப் பண்ணாதுன்னு வாசல்ல போர்டு போட்டிருக்கோம் டாக்டர்."

"பண்ணாதுதான். எரிச்ச எடத்துல அஞ்சு வருசத்துக்குப் புற்று திரும்பலன்னா குணமானதா எழுதுவோம். இல்லாத புற்று எங்கேயிருந்து திரும்பும்? அந்தம்மா மாதிரி ஆளுங்கதான் நம்ம பதிவுலேயே சுத்தமா குணமானவங்க." அவர் சிரிக்கவில்லை. "இன்னொண்ணும் உண்டு. படம் மேல தலைமையிடத்துக்குப் போயாச்சு. கனல் அதுலேயிருந்து படிச்சுக்கும்."

"என்னன்னு படிக்கும்?"

"தொண்டையில இப்படி ஒளிர்ந்தா புற்றுன்னு."

கதவு வரை போய்விட்டுத் திரும்பினேன். கடைசியில், "அவங்ககிட்ட சொல்லணும்லா?" என்றேன்.

"சொல்லி என்ன ஆகப்போகுது, குரல் வந்துருமா? உயிர் பிழைச்சோம்னு அந்தம்மா இப்ப சந்தோசமா இருக்கும். நீ போய் அதையும் பிடுங்கப் போறியா?"

அந்தக் கேள்வி எனக்கு வசதியாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றேன். மறுநாளும் வேலைக்குப் போனேன். என்னைப் பற்றி இதற்கு மேல் மோசமாகச் சொல்ல வேண்டியதில்லை.

மிக்கேலம்மாள் அக்காவின் குரல் திரும்பவில்லை. ஏலக்கூடத்தில் அவர் இடத்தில் ஜெனிபா நின்றாள். அவளுக்கு நல்ல வெண்கலக் குரல், முதல் வாரமே வியாபாரிகள் அடங்கிப்போனார்கள் என்று கேள்விப்பட்டேன். அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, விரலால் விலை காட்டி மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். கோயிலில் நன்றிப் பூசை வைத்தார்கள். ஊசி போட்டு உட்கார்ந்த அந்த ஒரு மணி நேரமும் ஜெபித்ததால்தான் கனல் சரியான இடத்தைக் கண்டுபிடித்தது என்று தெருவெல்லாம் பேச்சானது. ஒரு வகையில் அது உண்மை என்பதுதான் கொடுமை.

அடுத்த மாதத்திலிருந்து பெண்கள் ஜெபமாலையோடு வர ஆரம்பித்தார்கள். ஓய்வறையில் நாலு நாற்காலி, நாலிலும் உதடுகள் அசைந்தன. நான் மைக்கில் தடுத்தேன். ‘பேசலையே’ என்றார்கள். ஜெபமும் பேச்சுதான், தொண்டை வேலை செய்யும், படம் தப்பாக வரும் என்றேன். ஒரு அம்மா எழுந்து நின்று, "மிக்கேலம்மாவுக்கு வந்த படம் தப்பா? சொல்லுங்க பாப்போம்," என்றார்.

அங்கே சொல்லியிருக்கலாம். எனக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. டாக்டர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார், நான் வாயை மூடிக்கொண்டேன்.

இசக்கியப்பன் எங்களை ஜெபிக்க விடுவதில்லை என்று அறுபது பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். நான் வேறு சாமி கும்பிடுகிறவன் என்பதால் அது சுலபமாக நம்பும்படி இருந்தது. என்னை ஊசி அறையிலிருந்து எடுத்து முன்வாசலில் பெயர் பதிகிற மேசையில் உட்கார வைத்தார்கள். ஓய்வறைக் கதவைத் திறக்கும் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஒன்பதாவது வரியில், ‘இறைவேண்டலுக்குத் தடையில்லை’ என்று சேர்த்து அச்சடித்தார்கள். நிர்வாகத்துக்கு நல்ல பெயர் வேண்டியிருந்தது. அதோடு விட்டார்களா? கோயிலில் பல வருஷமாக மிக்கேலம்மாள் அக்கா ஜெபமாலை முன்மொழிவதைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அதை வாங்கி வந்து ஓய்வறையில் ஒரு ஒலிபெருக்கி வைத்து ஓடவிட்டார்கள். ஒவ்வொரு ஜெபத்திலும் முதல் பாதியை அந்தக் கரகரத்த குரல் சொல்லும். மறுபாதியை நாற்காலியில் இருப்பவர்கள் சொல்வார்கள். அக்காவுக்கு அதில் ரொம்பப் பெருமை.

முன்பெல்லாம் எங்கள் நிலையத்தில் வருஷத்துக்கு ஒரு தொண்டை எரிந்தால் அதிகம். அக்காவுக்குப் பிறகு ஆறு மாதத்தில் பன்னிரண்டு. கடைசியாக எரிந்த நாலு பேருக்கு இரண்டு பக்கமும் சமமாகத்தான் ஒளிர்ந்திருந்தது. கனல் படித்த பாடம் அப்படி. "எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறோம் பாருங்க," என்று கூட்டத்தில் ஒருவர் படம் போட்டுக் காட்டினார். டாக்டர் கோமதிநாயகம் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வியாழக்கிழமை நான் அரை நாள் விடுப்பு முடிந்து மத்தியானம் வந்தேன். கூடத்தில் மிக்கேலம்மாள் அக்கா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். மனுவில் அவர் கையெழுத்து இல்லை, அவருக்கு என் மேல் கோபமும் இல்லை. உயிரைக் காப்பாற்றிய கூட்டத்தில் நானும் ஒருவன். மடியில் இருந்த சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

‘கேக்குதா? என் கொரலு.’

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டது. யாரைக் கூட்டி வந்தீர்கள் என்றேன். அழித்துவிட்டு எழுதினார்.

‘ஜெனிபா. தாய்க்கு வந்தா பிள்ளையப் பாக்கணுமாம். லெட்டர் வந்துச்சு.’

கண்ணாடிப் பக்கம் ஓடினேன். இரண்டாவது நாற்காலியில் ஜெனிபா சாய்ந்திருந்தாள், கையில் அம்மாவின் ஜெபமாலை. மேலே கடிகாரத்தில் பதினாலு நிமிஷம் மிச்சம் இருந்தது. ஒலிபெருக்கி வந்த பிறகு மைக்கைக் கழற்றியிருந்தார்கள். கைகளை ஆட்டி, வாயைப் பொத்திக் காட்டினேன். பேசாதே, பேசாதே. அவள் என்னைப் பார்த்தாள். ஜெபத்தைத் தடுக்கிற ஆள் என்று ஊர் முழுக்க அறிந்த முகம் இது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்து நாற்காலிப் பெண் என்னை முறைத்தாள்.

டாக்டருக்கு போன் போட்டேன்.

"டாக்டர், ரெண்டாம் நாற்காலிய நிறுத்துங்க. அந்தம்மா மக. ஜெனிபா."

"என்ன காரணம்னு எழுத?"

"செபம் சொல்லிட்டு இருக்கா."

"அதுக்குத்தான் நாமளே அனுமதி கொடுத்திருக்கோமே." அவர் குரலில் என் குரலை விட அதிகப் பயம் இருந்தது. "இந்த ஒண்ண நிறுத்தினா, மத்த பன்னெண்டுக்கும் நான் காரணம் எழுதணும் இசக்கி. பதிமூணு. அந்தம்மாவையும் சேத்து."

"எழுதுங்க."

அவர் போனை வைத்துவிட்டார். ஓய்வறைக் கதவருகே போய், என் பழைய அட்டை இருந்த சட்டைப் பாக்கெட்டைத் தடவிப் பார்த்தேன், பழக்கதோஷம்.

பிறகுதான் அக்காவிடம் வந்து அவர் காலடியில் உட்கார்ந்தேன். ஆறு மாதம் வாயில் வைத்திருந்ததைச் சொன்னேன். அவருக்குப் புற்று இருந்ததாகத் தெரியவில்லை என்றேன். தொண்டை வேலை செய்தால் சர்க்கரை தின்னும் என்றேன், ஜெபித்தாலும் தின்னும் என்றேன். கழலை எடுத்தபோதே ஒரு பக்கம் செத்துவிட்டது, உயிரோடு இருந்த மறுபக்கத்தைத்தான் எரித்தோம், எனக்கு அது மறுநாளே தெரியும் என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிலேட்டை எடுத்து ஒரு வார்த்தை எழுதினார்.

‘செபமா?’

ஆமாம் என்று தலையசைத்தேன். அந்த வார்த்தையைக் கையால் அழித்தார். தன்னைப் பற்றி வேறு ஒன்றும் கேட்கவில்லை. உடனே கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்போது அவர் முகம் மாறியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

சிலேட்டு கீழே விழுந்து உடைந்தது. எழுந்து ஓடி இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை அறைந்தார். ஈயக் கண்ணாடி, சத்தம் கூட உள்ளே சரியாகப் போகாது. வாயைப் பிளந்து கத்தினார். இருநூறு பேர் இரைச்சலைக் கிழித்த தொண்டையிலிருந்து காற்று வந்து கண்ணாடியில் ஆவியாகப் படிந்தது. கழுத்து நரம்புகள் புடைத்தன. மகள் பெயரைத்தான் கூப்பிடுகிறார் என்று வாயசைவில் எனக்குத் தெரிந்தது. கடிகாரத்தில் மூன்று நிமிஷம்.

உள்ளே ஒலிபெருக்கி அடுத்த ஜெபத்தின் முதல் பாதியைத் தொடங்கியது. ஜெனிபா கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அம்மாவின் வாய் அசைகிறது, அறைக்குள் அம்மாவின் குரல் கேட்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த வாயையும் அந்தக் குரலையும் அவள் ஒன்றாகப் பார்க்கிறாள். அவள் முகம் மலர்ந்தது. அம்மாவுக்குத் தெரியும்படி ஜெபமாலையைத் தூக்கிக் காட்டிவிட்டு, மறுபாதியை முன்னை விடச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.